பழைய காரின் முன்கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும் பட்டை

பழைய கார்களின் முன்கண்ணாடியைச் சுற்றிச் சரிகைக் கரை போல ஒரு பளபளப்பான பட்டை ஓடும். பார்க்கிறவர்கள் அதை அலங்காரம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பல மாடல்களில் அதை உருவிவிட்டால், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரின் பிடியும் தளர்ந்துவிடும். அடுத்த மழைக்கே டேஷ்போர்டு நனையும்.

இன்றைய கார்களில் முன்கண்ணாடியை யூரித்தேன் பசை போட்டு பாடியோடு ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இந்தப் பொறுப்பு முழுவதும் கண்ணாடியைச் சுற்றியுள்ள அந்த ரப்பருடையது. அதைத்தான் பீடிங் என்கிறோம். பீடிங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எதிரெதிராக இரண்டு காடிகள், அதாவது நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள், தெரியும். ஒன்று கண்ணாடியின் விளிம்பைக் கவ்வும், மற்றது பாடித் தகட்டின் விளிம்பைக் கவ்வும். வெளிமுகத்தில் மூன்றாவதாக ஒரு குறுகிய காடியும் இருக்கும். பட்டை உட்காரும் இடம் அதுதான்.

ரப்பரை அழுத்தினால் அது சிறுத்துப்போகும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் வடிவம்தான் மாறுகிறது. கன அளவு அநேகமாக மாறுவதே இல்லை. தண்ணீர் நிரப்பிய பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்குமே, அப்படித்தான். பட்டையின் கால் மூன்றாவது காடிக்குள் இறங்கும்போது, ஆப்பு அடித்த மாதிரி இரு உதடுகளையும் விலக்குகிறது. விலகிய ரப்பருக்குப் போக இடமில்லை. அதனால் ஒரு பக்கம் கண்ணாடியையும் இன்னொரு பக்கம் தகட்டையும் நெருக்குகிறது. மழைநீரைத் தடுப்பது இந்த நெருக்கம்தான்.

எதை முதலில் மாட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற கார்களில், கண்ணாடி காருக்குப் போகும் முன்பே, மேசைமேல் வைத்து பீடிங்கையும் உலோகப் பட்டையையும் மாட்டிவிட வேண்டும். பிறகு தகட்டைக் கவ்வும் காடிக்குள் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிப் பதித்து, இரு முனைகளையும் கீழே நடுவில் உள்பக்கமாகத் தொங்கவிடுகிறோம். சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெல்ல உருவ வேண்டும். கயிறு வெளியே வரவர, ரப்பர் உதடு தகட்டு விளிம்பின்மேல் ஏறி, அங்குலம் அங்குலமாக உள்ளே புரண்டு விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் அதுதான். சோப்புத் தண்ணீருக்குப் பதிலாக கிரீஸ் தடவக் கூடாது. எண்ணெயை உறிஞ்சினால் ரப்பர் ஊதி, தளர்ந்துபோகும்.

வேறு சில கார்களில் பட்டையும் ரப்பர்தான். கண்ணாடி உட்கார்ந்த பிறகு, உதடுகளை விரித்துக்கொண்டே போகும் ஒரு வளையக் கருவியால் அதைக் காடிக்குள் ஊட்டுவார்கள். இங்கே அவசரம் கெடுதல். இழுத்துப் பிடித்துக்கொண்டே ஊட்டினால் பட்டை நீண்டு மெலிந்துவிடும். அன்றைக்குப் பார்க்கக் கச்சிதமாகத்தான் இருக்கும். நீண்ட ரப்பர் பழைய அளவுக்குத் திரும்பியதும் முனைகள் விலகி, இணைப்பில் இடைவெளி விழும். அதனால் கைக்குக் கை கொஞ்சம் பின்னோக்கித் தள்ளி, நெருக்கமாகவே ஊட்ட வேண்டும். முனையை வெட்டும்போதும் சில மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும்.

உலோகப் பட்டைக்குக் கணக்கு நேர்மாறானது. ஒரு மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.9 மி.மீ. நீளும். அதே நீளமுள்ள கண்ணாடி 0.4 மி.மீ. கூட நீளாது. பட்டையின் இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன மூடி இருக்கிறதே, அது இந்த வித்தியாசத்துக்காக விடும் இடைவெளியை மறைக்கிறது. துண்டுகளை முட்டமுட்டப் பொருத்திவிட்டால், உச்சிவெயிலில் பட்டை நீளப் போக்கிடமில்லாமல் நடுவில் புடைத்து, காடியைவிட்டு மேலே எழும்பிவிடும்.