மோர்கன் வெள்ளி டாலர்: எடையும் எழுத்தும் ஒளியும்

1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-இலும் அமெரிக்க நாணயச் சாலைகள் அச்சடித்த வெள்ளி டாலர், அதை வடிவமைத்த ஜார்ஜ் மோர்கனின் பெயரால் மோர்கன் டாலர் என்று அறியப்படுகிறது. முகப்பில் சுதந்திர தேவியின் தலை இருக்கும். அதற்கு முன்மாதிரியாக அமர்ந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த அன்னா வில்லியம்ஸ் என்ற பெண். பின்புறத்தில் இறக்கை விரித்த கழுகு இருக்கும். இந்த நாணயத்தை மதிப்பிடும்போது மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும்: இது உண்மையானதா, எங்கே எப்போது அச்சானது, எந்த நிலையில் இருக்கிறது. முதல் இரண்டுக்கும் அளவுகோலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பெரும்பாலும் விடை சொல்லிவிடும். மூன்றாவதற்கு ஒளியைப் படிக்கத் தெரிய வேண்டும்.

சட்டம் வகுத்தபடி இதன் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், உலோகத்தில் 90 விழுக்காடு வெள்ளி, 10 விழுக்காடு செம்பு. இந்தக் கலவையின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறத்தாழ 10.3 மடங்கு. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, காட்டும் எடையைப் பூச்சியமாக்கிவிட்டு, நூலில் கட்டிய நாணயத்தை அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால், அது விலக்கும் தண்ணீரின் எடையைத் தராசு காட்டும். உண்மையான நாணயத்துக்கு அது சுமார் 2.6 கிராம் இருக்கும். செம்பும் நிக்கலும் கலந்த போலி, எடையில் சரியாக இருந்தாலும், 3 கிராம் அளவுக்குத் தண்ணீரை விலக்கித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். நெடுநாள் புழங்கிய நாணயம் தேய்ந்து எடை குறைந்திருக்கலாம். அடர்த்தி மட்டும் மாறாது. ஆகவே எடையைவிட அடர்த்தியே நம்பத் தகுந்த சாட்சி.

அடுத்து எழுத்து. பின்புறத்தில் மலர்வளைய முடிச்சின் கீழே, டாலர் என்ற சொல்லுக்கு மேலே, நாணயச் சாலையின் குறி இருக்கும். குறி இல்லையென்றால் பிலடெல்பியா. ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ். எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ. இரட்டைச் சி என்றால் நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு அருகிலிருந்த கார்சன் சிட்டி. 1921-இல் மட்டும் டி, அதாவது டென்வர். இந்தச் சிறு எழுத்து விலையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு 1893-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நாணயம் நல்ல எடுத்துக்காட்டு. அச்சானவை 1,00,000 மட்டுமே. தேய்ந்த நிலையிலும் ஆயிரக்கணக்கான டாலர் பெறும். அதனாலேயே பிலடெல்பியா நாணயத்தில் எஸ் எழுத்தை ஒட்டியும், 1898-இன் கடைசி எண்ணைச் செதுக்கி 3 ஆக்கியும் மோசடி நடக்கிறது. ஆனால் உண்மையான 1893 சான் பிரான்சிஸ்கோ நாணயங்கள் யாவும் ஒரே முகப்பு அச்சிலிருந்து வந்தவை என்பதால், தலைப்பட்டையிலுள்ள லிபர்ட்டி என்ற சொல்லின் டி எழுத்து மேற்பகுதியில் ஒரு நுண்ணிய சாய்ந்த கோடு எல்லாவற்றிலும் உண்டு. மோசடிக்காரர் எஸ் எழுத்தை ஒட்டலாம். அச்சில் இருந்த அந்தக் கீறலை அதே இடத்தில் அதே வடிவில் உண்டாக்குவது மிகக் கடினம்.

எத்தனை அச்சானது என்பது ஒன்று, எத்தனை மிஞ்சியது என்பது வேறு. 1918-இன் பிட்மன் சட்டத்தின்கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. எந்த ஆண்டு நாணயம் எத்தனை போயிற்று என்று கணக்கு வைக்கப்படவில்லை. 1903-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நாணயம் பேரரிதானது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, 1962-இல் அரசுக் கருவூலத்திலிருந்து அவை மூட்டை மூட்டையாக வெளிவந்ததும் விலை சரிந்து விழுந்தது.

இனி நிலை. நாணய அச்சு, உருவம் பதியாத வெற்று உலோக வில்லையின்மீது பெரும் விசையோடு அழுந்தும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்தோடுகிறது. அந்த ஓட்டத்தின் தடம், கண்ணுக்குத் தெரியாத நுண்வரப்புகளாக ஆரக்கால் போல நாணயத்தின் மேற்பரப்பில் பதிகிறது. ஒற்றை விளக்கின்கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால், இந்த வரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு கதிர்க்கீற்றுகளாகச் சுற்றி வரும். சேகரிப்பாளர்கள் இதைக் கார்ட்வீல், அதாவது வண்டிச் சக்கரம் என்கிறார்கள். கை பட்டுப் புழங்கினால் முதலில் சாவது இந்த ஒளிதான். காதுக்கு மேலுள்ள கூந்தல், கன்னம், கழுகின் மார்பு ஆகிய மேடான இடங்கள் முதலில் மங்கிச் சாம்பல் நிறம் கொள்ளும்.

இங்கேதான் பழகாத கண் தவறுகிறது. நியூ ஆர்லியன்ஸ் நாணயங்கள் பல விசை போதாமல் அச்சடிக்கப்பட்டவை. புழக்கத்துக்கே போகாத நாணயத்திலும் காதுக்கு மேலுள்ள கூந்தல் தட்டையாக இருக்கும். அது தேய்மானமா, மெலிந்த அச்சா என்பதை உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தட்டையான இடத்தின்மேலும் ஒளி தடையின்றிச் சுழன்றால் அது அச்சின் குறை, அங்கே ஒளி அறுந்தால் அது தேய்மானம். நாணயத்தின் நிலைக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் தரும் ஷெல்டன் அளவுகோலில் 60-உம் அதற்கு மேற்பட்டவையும் புழங்காதவை. 58-க்கும் 60-க்கும் இடையிலான கோடு பெரும்பாலும் இந்த ஒளியைக் கொண்டே இழுக்கப்படுகிறது.

கறுத்த நாணயத்தைத் துலக்கக் கூடாது என்று வல்லுநர்கள் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே. காற்றிலும் துணிப்பையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலமாகிறது. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது, அதன் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும், தண்ணீர்மேல் மிதக்கும் எண்ணெயைப் போல மஞ்சள், சிவப்பு, நீலம் என்று நிறம் காட்டுகின்றன. அத்தகைய வானவில் நிறத்துக்கே கூடுதல் விலை கொடுப்போர் உண்டு. அமிலக் கரைசலில் முக்கினால் படலத்தோடு வரப்புகளின் மேல்தோலும் கரைகிறது. பொடி போட்டுத் தேய்த்தால் வரப்புகளே அழிந்து, ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் எஞ்சும். அப்படித் துலக்கிய சாதாரண ஆண்டு நாணயம், அதிலுள்ள 24 கிராம் வெள்ளியின் சந்தை விலையை ஒட்டியே விற்கும்.