தடவுவதற்கு முன் கால் பெருவிரலைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் பிள்ளை விழுந்து முதுகு வீங்கினால், பலரும் முதலில் தேடிப் போவது வர்ம ஆசானைத்தான். அவர் எண்ணெய் போட்டுத் தடவி அனுப்புவார். ஆனால் எஃப்.ஓ.பி. (ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரெசிவா) என்ற அரிய நோய் உள்ள பிள்ளைக்கு அந்தத் தடவலே தசையை எலும்பாக்கிவிடக்கூடும்.

இது சுமார் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய். காரணமான ஏசிவிஆர்1 மரபணு இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் 617-வது இடத்தில் ஜி என்ற டிஎன்ஏ எழுத்து இருப்பதற்குப் பதில் ஏ என்ற எழுத்து வந்துவிடுகிறது என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தலைமையிலான குழு 2006-இல் கண்டறிந்தது. அந்த ஓர் எழுத்தால், இந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் 206-வது அமினோ அமிலம் ஆர்ஜினினிலிருந்து ஹிஸ்டிடினாக மாறுகிறது.

செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு எலும்பு வளர்ச்சிக்கான சமிக்ஞையை உள்ளே கடத்துவது இந்தப் புரதத்தின் வேலை. அடிபட்ட இடத்தில் சுரக்கும் ஆக்டிவின்-ஏ என்ற சமிக்ஞைப் பொருள், இயல்பான புரதத்தை எலும்பு வளர்க்கும்படி தூண்டாது. மாறிய புரதமோ அதையும் எலும்புக்கான கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. தசை அழிந்து, குருத்தெலும்பு உருவாகி, பிறகு மஜ்ஜையோடு கூடிய அசல் எலும்பே அங்கே வளர்கிறது. அறுத்து எடுத்தால் திரும்பவும் வளரும். கழுத்து, முதுகு, தோள் என்று தொடங்கிக் கீழே இறங்கும். நாக்கு, உதரவிதானம், இதயத் தசைகள் தப்பிவிடும்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று குடும்பத்தைக் குற்றம் சொல்வது தவறு. பெரும்பாலும் பெற்றோர் இருவருக்கும் நோய் இருக்காது. பிள்ளையிடம் புதிதாக நேர்ந்த மாற்றம் இது. நோய் உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மட்டும் 50 சதவீத வாய்ப்பு உண்டு.

அடையாளம் பிறந்த அன்றே தெரியும்: இரண்டு கால்களிலும் பெருவிரல் குட்டையாக, பக்கத்து விரலை நோக்கி வளைந்திருக்கும். பிரசவ வார்டில் ஒரு நிமிடம் பார்த்தாலே போதும். அப்படி இருந்து, பின்னால் கழுத்திலோ முதுகிலோ சூடான, கெட்டியான வீக்கம் எழுந்தால், புற்றுநோயோ என்று பயந்து சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கக் கூடாது. அந்த வெட்டே அடுத்த எலும்புக்கு வழி செய்யும். ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை போதும். ரத்தக்குழாயில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதால் பாதகம் இல்லை.

தசைக்குள் போடும் ஊசிதான் ஆபத்து. 6, 10, 14 வாரங்களில் குழந்தைக்குத் தொடையில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியும் அந்த வகைதான். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கத் தாடையில் போடும் மரப்பு ஊசியும், வாயை வலிந்து திறப்பதும் தாடையை நிரந்தரமாகப் பூட்டிவிடலாம். தாடையிலோ பெரிய மூட்டிலோ புதிதாக வீக்கம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். குறுகிய கால ஸ்டீராய்டு பயன் தரக்கூடிய நேரம் அதுதான்.