சங்கீதம்தானே என்று காதை விட்டுவிடாதீர்கள்

காது கேட்டலைப் பரிசோதிப்பது என் தொழில். போன செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்த பையனுக்குப் பதினாறு வயது. ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். இளைஞர் இசைக்குழு ஒன்றில் வியோலா, வயலினை விடக் கொஞ்சம் பெரிய வாத்தியம், வாசிக்கிறான். இந்த வருசக் கச்சேரிகளில் முதலாவது அவர்களுக்கு இன்னும் மூன்று கிழமையில் இருக்கிறது, அதனால் சனிக்கிழமை மட்டும் நடந்த ஒத்திகை இப்போது ஏறக்குறைய தினமும் நடக்கிறது. இரவில் படுத்தால் சில்வண்டுச் சத்தம் தாங்க முடியவில்லை என்று தங்கச்சியிடம் சொல்லி ஜன்னலைச் சாத்த வைத்திருக்கிறான். சாத்தியும் குறையவில்லை. தலையணையைக் காதோடு அழுத்திப் பார்த்திருக்கிறான், சத்தம் இன்னும் கூடியது. இரண்டு கிழமை கழித்துத்தான் வண்டு வெளியே இல்லை, தன் காதுக்குள்ளேயே இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது.

கேட்டல் பரிசோதனை செய்தேன். அதன் வரைபடம்தான் ஓடியோகிராம்: ஒவ்வொரு சுருதியும் (ஹேர்ட்ஸ்) எவ்வளவு பலமாக (டெசிபல்) இருந்தால் காதுக்குக் கேட்கிறது என்று காட்டும், கோடு கீழே இறங்கினால் கேட்டல் குறைவு. ஓடியோகிராமில் இடது காதின் கோடு 2000 ஹேர்ட்ஸ் வரை ஒழுங்காக வந்து, 4000இல் 35 டெசிபலுக்கு இறங்கி, 8000இல் மறுபடி மேலே ஏறியது. இந்த ஒற்றைப் பள்ளத்தைப் பார்த்தவுடனே எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே சத்தத்தில் இருக்கிறீர்கள்?" என்பதுதான். வலது காதிலும் அதே பள்ளம், கொஞ்சம் ஆழம் குறைவு. வியோலா இடது தோளில், இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் அந்த வித்தியாசம். இரண்டு நாள் ஓய்வு கொடுத்து மறுபடியும் சோதித்தேன். பள்ளம் கொஞ்சம் நிரம்பியது, முழுக்க நிரம்பவில்லை.

அவனுடைய அம்மா சொன்னதைக் கேட்டபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். "இவங்கப்பா தேயிலை ஸ்டோருல கொழுந்து உருட்டுற ரோலர் பக்கத்துலயே இருபது வருசம் நின்னு காது மந்தமாயிருச்சு மிஸ். அது மெசின் சத்தம், ஒத்துக்கிறேன். இவன் வாசிக்கிறது சங்கீதம்தானே?"

இந்த இரண்டு மாதத்தில் வாத்தியம் வாசிக்கும் பிள்ளைகளில் இவன் ஐந்தாவது ஆள். ஐந்து வீட்டிலும் இதே கேள்வி. பிள்ளைகளைக் கூட்டி வந்த ஆசிரியர்கள் இரண்டு பேரும் இதையேதான் கேட்டார்கள். ஆகவே சங்கீதம்தானே என்கிற இந்த நினைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு சிறிய உறுப்பு இருக்கிறது. ஒரு காதில் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள், அவ்வளவுதான், பிறக்கும்போது கொண்டு வந்த கணக்கு. ஒலி வரும்போது அவை அசைகின்றன. அசைக்கிறது மொஸார்ட்டா, தேயிலை ரோலரா, கோயில் லவுட்ஸ்பீக்கரா என்று அந்தக் கலங்களுக்குத் தெரியாது. எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான் அவற்றுக்குக் கணக்கு. இனிமை, அபசுரம் எல்லாம் அதற்கும் மேலே, மூளையில் நடக்கிற விசயம். மனதுக்குப் பிடித்த ஒலி மயிர்க்கலத்துக்குப் பிடித்த ஒலியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சொல்லப்போனால் பிடித்த ஒலியில் ஆபத்து அதிகம். ரோலர் சத்தம் பிடிக்காமல் வெற்றிலை போடுகிற சாக்கில் மனிதர்கள் கொஞ்ச நேரமாவது வெளியே போய் நிற்கிறார்கள். பிடித்த பாட்டை விட்டு யார் எழுந்து போவார்கள்? பிள்ளைகள் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகாமல் அந்தக் கடைசிப் பகுதியைப் பத்தாவது தடவையும் வாசிக்கிறார்கள்.

தோட்டத்துத் திருவிழாக்களில் முப்பது வருசம் தப்பு அடித்த பெரியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய ஓடியோகிராமையும், அந்தப் பையனின் அப்பா மாதிரி ஸ்டோரில் நின்றவர்களுடையதையும் பெயரை மறைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது கலைஞருடையது, எது தொழிலாளியுடையது என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்வார்கள், "அவ்வளவு சத்தம் என்றால் காதே வலிக்குமே" என்று. வலிக்காது. காது வலிக்கத் தொடங்குவது 120 டெசிபலுக்குப் பக்கத்தில். சேதம் 85இலேயே தொடங்கிவிடும், நேரம் மட்டும் கூட எடுக்கும். "முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது" என்பது இன்னும் மோசம். காது பழகுவதில்லை. முதல் நாள் கேட்ட அளவு இப்போது கேட்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி இரண்டு மூன்று மாதத்தில் துளிர்த்துவிடும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த மயிர்க்கலங்கள் துளிர்க்காது. மருந்து, மாத்திரை, சத்திரசிகிச்சை எதுவும் போன கலத்தைத் திருப்பித் தராது. ஒத்திகை முடிந்து காது அடைத்த மாதிரி இருந்து, காலையில் சரியாகிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறோமே, அதுவும் முழு உண்மை இல்லை. 2009ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்: கேட்டல் அளவு பழையபடி திரும்பிய பிறகும், மயிர்க்கலத்தையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகள் பல நிரந்தரமாகப் போயிருந்தன. மனிதர்களில் இது எந்த அளவு என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் "காலையில் சரியாகிவிட்டது மிஸ்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது நிம்மதி வருவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் பெரியவர்களுக்கு வைத்திருக்கிற எல்லை, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2, 94 என்றால் 1, 97 என்றால் அரை மணித்தியாலம், 100 என்றால் கால் மணித்தியாலம். 85க்கும் 94க்கும் வெறும் ஒன்பதுதானே என்று நினைக்க வேண்டாம், அந்த ஒன்பதில் ஒலியின் சக்தி எட்டு மடங்காகிறது. உலக சுகாதார நிறுவனம் பாட்டுக் கேட்பதற்குச் சொல்லும் அளவு இன்னும் இறுக்கமானது: பெரியவர்களுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு அதே 40 மணித்தியாலம் 75 டெசிபல்.

அந்தப் பையன் ஒத்திகை பார்க்கும் இடத்துக்கு, ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, போன வியாழக்கிழமை நானே போனேன். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் கட்டிய சின்ன மண்டபம். சீமெந்துத் தரை, கண்ணாடி ஜன்னல், தகரக் கூரை. நாற்பது பிள்ளைகள். வியோலாக்காரர்கள் கடைசி வரிசைக்கு முன்வரிசை, அவர்களுடைய பிடரிக்கு நேராக மூன்று ட்ரம்பெட், இரண்டு ட்ரொம்போன். இடம் இல்லாததால் ட்ரொம்போனை நீட்டினால் முன்னால் இருப்பவரின் நாற்காலியில் இடிக்கிறது. மூன்று மணிக்கு வழக்கம்போல மழை பிடித்தது. மலையகத்தில் தகரத்தின் கீழ் மழையைக் கேட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆசிரியர் கையைக் காட்டினார், எல்லாரும் மழையை மிஞ்சி வாசித்தார்கள், ட்ரம்பெட்காரப் பிள்ளைகள் கன்னம் உப்ப ஊதினார்கள். அந்த வரிசையில் என் ஒலிமானியைப் பிடித்தேன். சராசரி 95. இடையில் சிம்பல் விழும்போது 110ஐத் தாண்டியது. ஒத்திகை மூன்று மணித்தியாலம் நடந்தது. மேலே உள்ள கணக்கைப் பாருங்கள், பெரிய ஆளுக்கே ஒரு மணித்தியாலம் கிடையாது.

அந்தப் பிள்ளைகள் அருமையாக வாசித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்து, பாடசாலை பேண்டில் ஊதக் கற்றுக்கொண்டு, இரவல் வாத்தியத்தில் இங்கே வரை வந்த பிள்ளைகள். இசைக்குழுவை நிறுத்துங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பிள்ளையை விலக்கிக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அந்த அம்மா சொன்னபோது, வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

இதெல்லாம் இங்கே தகர மண்டபத்தில் வாசிப்பவர்களுக்கு மட்டும் வருகிற பிரச்சினை என்றும் நினைக்காதீர்கள். லண்டனில் இசை நாடகங்கள் நடக்கும் ரோயல் ஒபேரா ஹவுஸில் வியோலா வாசித்த கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடர் என்பவரை 2012இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஒபேரா ஒத்திகையில் ட்ரம்பெட் மாதிரியான பித்தளை வாத்தியங்களுக்கு நேர் முன்னால் உட்கார வைத்தார்கள். காது பாதிக்கப்பட்டு அவருடைய வாசிப்பு வாழ்க்கையே முடிந்தது. வழக்குப் போட்டார், 2018இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, மேன்முறையீட்டிலும் 2019இல் நிறுவனம்தான் பொறுப்பு என்றார்கள். கலையின் தேவைக்காகப் பாதுகாப்புச் சட்டம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. பிரித்தானியாவின் வேலைத்தல இரைச்சல் சட்டம் 2008இலிருந்து இசைத்துறைக்கும் சேர்த்துத்தான். சங்கீதம்தானே என்று அங்கே சட்டமும் விலக்குக் கொடுக்கவில்லை. நம் பையனும் வியோலா, அவனுக்குப் பின்னாலும் பித்தளை. அந்த மண்டபத்தில் நிற்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இனிச் செய்ய வேண்டியவை. காதுக்குள் பஞ்சு வைக்காதீர்கள். பஞ்சு சத்தத்தை மிகக் கொஞ்சம்தான் குறைக்கும், பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பை மட்டும் கொடுக்கும். பார்மசியில் கிடைக்கும் நுரை அடைப்பான் உண்மையாகவே காக்கும், ஆனால் ஒழுங்காக வைக்க வேண்டும்: விரலுக்கிடையில் மெல்லியதாக உருட்டி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னாலும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் அது காதணி மாதிரிதான். நுரை அடைப்பானில் ஒரு குறை இருக்கிறது, உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் எல்லாம் போர்வைக்குள் கேட்பது மாதிரி இருக்கும், சுருதி பிடிக்கச் சிரமம் என்று பிள்ளைகள் கழற்றிவிடுகிறார்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே எல்லா சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கிற அடைப்பான்கள் இருக்கின்றன, 9, 15, 25 டெசிபல் என்று. முடிந்தவர்கள் அதை வாங்குங்கள், முதல் இரண்டு கிழமை பழகக் கஷ்டம், கச்சேரி நாளன்று முதன்முதலாகப் போடாதீர்கள். வாங்க முடியாதவர்கள் நுரையையாவது பலமான பகுதிகளுக்குப் போடுங்கள். வயலின், வியோலாக்காரர்கள் இடது காதுக்கு மட்டும் போட்டாலும் ஓரளவு பரவாயில்லை, பின்னால் ட்ரம்பெட் இருந்தால் இரண்டுக்கும்தான்.

காய்ச்சிய எண்ணெய், வெள்ளைப்பூண்டுத் தைலம், எதையும் காதுக்குள் விடாதீர்கள். எத்தனை தடவை சொல்வது! சத்தத்தால் வந்த இரைச்சலுக்குக் காரணம் அழுக்கு இல்லை, எண்ணெய் போய்ச் சேருகிற இடத்தில் பிரச்சினையும் இல்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் உள்ளே போய் வேறு தொல்லையைக் கொண்டு வரும்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அன்றைக்கே, ஆம், அன்றைக்கே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள். கச்சேரி முடியட்டும் என்று இருக்க வேண்டாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, நாள் போகப் போக அது பலிக்காது.

ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸையும் கவனியுங்கள். நம் பக்கத்துத் தனியார் பஸ்களில் பாட்டு எந்த அளவில் போகும் என்று தெரியும். அதற்கு மேல் பிள்ளை போனை எடுத்து இயர்போனை மாட்டி, பஸ் பாட்டுக்கு மேலே தன் பாட்டைக் கேட்கிறான். அன்றைய கணக்கு ஒத்திகையிலேயே முடிந்துவிட்டது, காதுக்கு இனி ஓய்வுதான் வேண்டும். ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார வேண்டாம், இயர்போன் வேண்டாம், அந்த அடைப்பானைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டு வரட்டும்.

ஆசிரியர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் முழு பலத்தில் வாசிக்க வேண்டியதில்லை. விரல், வில், நுழைவு இதெல்லாம் மெல்ல வாசித்தாலும் பழகும். பலமான பகுதிகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்காமல் நடுவில் மெல்லிய பகுதிகளை வையுங்கள். பித்தளைக்காரர்களை ஒரு நாள் தனியாக எடுங்கள், வரிசைகளை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள், ஒரே பிள்ளை மூன்று மாதமும் அதே நாற்காலியில் இருக்க வேண்டாம். மழை பிடித்தால் மழையோடு போட்டி போட வேண்டாம், பத்து நிமிடம் தேத்தண்ணி குடிக்க விடுங்கள். ஜன்னல் பக்கம் பழைய திரைச்சீலை, தரையில் பாய், சாக்கு, எது கிடைத்தாலும் போடுங்கள், வெறும் சீமெந்தை விட நல்லது. ஏப்ரலில் நுவரெலியா சீசன் தொடங்கும்போது ஊர்வலத்தில் வாசிக்கிற பேண்ட் பிள்ளைகளுக்குத் திறந்த வெளியாவது இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் பல நாள் பாடசாலை மண்டபத்துக்குள்தானே பழகுகிறார்கள், அவர்களுக்கும் இதேதான். வருசம் தொடங்கும்போது பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு தடவை கேட்டல் பரிசோதனை செய்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பழைய தாள் இல்லாததால் இந்தப் பையனின் காதில் எது எப்போது போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பையன் கச்சேரியில் வாசிக்கிறான். மூன்று வரிசை முன்னுக்கு மாறிவிட்டான், அடைப்பான் போடுகிறான். இரைச்சல் இன்னும் இருக்கிறது, இரவில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கச் சொல்லியிருக்கிறேன், அமைதியான அறையில்தான் அது பெரிதாகக் கேட்கும். கச்சேரிக்கு அடுத்த செவ்வாய் மறுபடி வருவான்.

நேற்று இரவு அவனுடைய ஆசிரியர் போன் எடுத்தார். பித்தளைக்காரர்களைப் பலகை போட்டு உயர்த்தப் போகிறோம் மிஸ், தோட்டத்துத் தச்சரிடம் சொல்லியாச்சு, எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டார். ட்ரம்பெட்டின் வாய் முன்னால் இருக்கிற பிள்ளையின் தலைக்கு மேலே போகிற அளவுக்கு என்றேன். வியோலா வரிசையில் உயரமான பிள்ளையை உட்கார வைத்து அளந்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.