இபிசி: வீட்டுக்கு ஒரு சான்று, அதற்குத் தமிழில் என்ன பெயர்?

எங்கள் பழைய வீட்டை வாடகைக்கு விடலாம் என்று முடிவானதும், பக்கத்து வீட்டு அக்கா முதலில் கேட்டது வாடகை எவ்வளவு என்று அல்ல. "தம்பி, இபிசி எடுத்திட்டீங்களோ?" என்றுதான் கேட்டார். அக்காவுக்கு ஊர் சாவகச்சேரி, எனக்கு கோபிசெட்டிபாளையம். இரண்டு பேரும் லண்டன் ஹாரோவில் ஒரே தெருவில் இருக்கிறோம். இன்னும் எடுக்கவில்லை என்றேன். "எடுங்கோ, எடுங்கோ" என்றவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "அது சரி, இதைத் தமிழில என்னெண்டு சொல்லுறது?" என்றார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பவர் அவர். கேள்வி வந்துவிட்டால் விடமாட்டார்.

இபிசி என்பது மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து: எனர்ஜி பெர்ஃபாமன்ஸ் சர்டிஃபிகேட். வீடு ஒன்று குளிரை எவ்வளவு தாங்குகிறது, உள்ளே வெதுவெதுப்பாக வைத்திருக்க எவ்வளவு செலவாகும் என்று ஒருவர் நேரில் வந்து பார்த்துக் கணக்கிட்டு, ஏ முதல் ஜி வரை ஓர் எழுத்துத் தருவார். மதிப்பெண் 92 அல்லது அதற்கு மேல் என்றால் ஏ. 69 முதல் 80 வரை சி. 55 முதல் 68 வரை டி. 20 அல்லது அதற்குக் கீழே என்றால் ஜி. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் அந்தப் படிக்கட்டுப் படத்தை வாடகை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை எடுத்தால் 10 ஆண்டுக்குச் செல்லும்.

விதியின் மூலம் 2002-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டட ஆணை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2007-இல் வீடு விற்பவர்களுக்கும், 2008 அக்டோபரிலிருந்து வாடகைக்கு விடுபவர்களுக்கும் இது கட்டாயமானது. விற்பனைக்கோ வாடகைக்கோ விளம்பரம் போடும் முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் சான்று இருந்தால் மட்டும் போதாது, எழுத்தும் ஈ-க்குக் கீழே இறங்கக் கூடாது. 2018 ஏப்ரலில் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கு வந்த இந்த விதி, 2020 ஏப்ரலில் எல்லா வாடகை வீடுகளுக்கும் விரிந்தது. விலக்குகள் உண்டு, ஆனால் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். 2030-க்குள் இதை சி ஆக உயர்த்துவது அரசின் திட்டம்.

சரி, சொல்லுக்கு வருவோம். முதல் சொல்லிலேயே அக்காவுக்கும் எனக்கும் பிணக்கு.

எனர்ஜி கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'எர்கோன்' என்றால் வேலை, 'என்' என்றால் உள்ளே. வேலையில் இருக்கும் நிலை என்று பொருள்படும்படி 'எனெர்கெயா' என்ற சொல்லை அரிஸ்டாட்டில் தம் தத்துவத்தில் புழங்கினார். அறிவியலில் இன்றைய பொருளுக்குப் பக்கமாக அதைக் கொண்டுவந்தவர் தாமஸ் யங், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் இது 'ஆற்றல்'. இலங்கைப் பாடநூலில் 'சக்தி'. நாங்கள் 'திறன்' என்று படித்த பவரை அவர்கள் 'வலு' என்று படித்தார்கள். நல்லவேளை, விசை மட்டும் இரண்டு பக்கமும் விசைதான். இரண்டு நாட்டுச் செய்தித்தாள்களிலும் 'எரிசக்தி' என்று வரும். எரிவாயு, நிலக்கரி, டீசல் என்று பேசும்போது அது பொருந்தும். கூரையில் சூரியத் தகடு வைத்து மின்சாரம் எடுக்கிறவரிடம் எரிசக்தி என்றால் எதை எரித்தீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

எனக்கு ஆற்றல் பிடிக்கும். பாடநூல் பாசம் ஒரு காரணம், இன்னொரு காரணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் சங்கதி. ஆற்றுதல் என்றால் செய்தல்: உரையாற்றினார், பணியாற்றினார். ஆற்றுதல் என்றால் பொறுத்தல்: ஆற்றாமை, ஆற்றாது அழுதாள். ஆற்றுதல் என்றால் தணித்தல்: காப்பியை ஆற்றிக் கொடு. வள்ளுவர் வலிமையையும் பொறுத்தலையும் ஒரே குறளில் வைத்துவிட்டார்:

ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல் அப்பசியை
மாற்றுவார் ஆற்றலின் பின்.

முதல் 'ஆற்றல்' வலிமை. 'பசிஆற்றல்' என்பது பசியைப் பொறுத்தல். இப்போது வீட்டுக்கு வாருங்கள். குளிரைப் பொறுப்பது வீட்டின் ஆற்றல், சூட்டை ஆற்றிவிடுவது அதன் குறை. ஆறிப்போகிற வீட்டுக்கு ஜி, குளிரை ஆற்றுகிற, அதாவது பொறுக்கிற வீட்டுக்கு ஏ. கிரேக்கச் சொல் வேலையோடு நின்றுவிட்டது. நம் சொல் குளிரையும் காப்பியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது மதிப்பீடு. ஆங்கிலத்தில் அசெஸ்மென்ட். லத்தீனில் 'பக்கத்தில் உட்கார்தல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரியோ தண்டமோ எவ்வளவு என்று சொல்பவர்தான் பழைய அசெஸர். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை, தேநீரும் வேண்டாம் என்றுவிட்டார். தமிழில் மதிப்பிடு என்பது நீண்டு மதிப்பீடு ஆகிறது. இலக்கணத்தில் இதற்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பெயர். கெடு கேடாவது போல, சுடு சூடாகிறது, விடு வீடாகிறது. ஆக, வீட்டுச் சூட்டு மதிப்பீடு என்றால் மூன்று சொல்லும் ஒரே விதியில் பிறந்த உடன்பிறப்புகள். (விடுவதால்தான் வீடு என்றால், எங்கள் வீடு சூட்டை விடுவதில் அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உடையது.)

வந்தவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன், சொல்லைப் புரிந்துகொள்ள அது தேவை. லேசர் அளவியால் அறைகளை அளந்தார். வெளியே போய்ச் செங்கல் அடுக்கை உற்றுப் பார்த்தார். செங்கல்லின் நீளப் பக்கம் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் இரட்டைச் சுவர், நடுவே இடைவெளி இருக்கும். நீளப் பக்கமும் குட்டைப் பக்கமும் மாறி மாறித் தெரிந்தால் இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர். 1920-களுக்கு முன் கட்டிய வீடுகள் பெரும்பாலும் இரண்டாவது வகை, எங்களுடையதும் அதுதான். சுவரில் துளை போடவில்லை, எதையும் பிரிக்கவில்லை. பாய்லரின் மாடலைக் குறித்துக்கொண்டார், ஜன்னல் கண்ணாடி இரட்டையா என்று பார்த்தார், பல்புகளை எண்ணினார். எரிவாயுப் பில்லைத் தயாராக எடுத்து வைத்திருந்தேன், கேட்கவே இல்லை. இங்கே மதிப்பெண் வீட்டுக்குத்தான், வீட்டில் இருக்கிறவர்களுக்கு அல்ல. குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஹீட்டரைப் போடாத சிக்கனக்காரர் இருந்தாலும், ஜன்னலைத் திறந்துவிட்டு ஹீட்டர் போடுபவர் இருந்தாலும் எழுத்து ஒன்றே. வரவேற்பறை 21 டிகிரி இருக்க வேண்டும் என்ற பொதுக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு கணினிதான் மதிப்பெண் போடுகிறது.

அப்புறம் லாஃப்ட். சென்னை அடுக்ககத்தில் லாஃப்ட் என்றால் கதவுக்கு மேலே கொலுப் பொம்மைப் பெட்டி வைக்கும் சிமென்ட் பலகை. லண்டனில் கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஆள் ஊர்ந்து போகும் இடம். பரண் என்று சொல்லலாம். அங்கே 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கம்பளி போன்ற பொருளைப் பரப்பினால் சூடு மேலே ஓடாது. எங்கள் பரணில் அது இருக்கிறது. இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அதன்மேல் பலகை அடித்து மூடிவிட்டுப் போன தச்சர் ரசீதும் தரவில்லை, படமும் எடுக்கவில்லை. மதிப்பீட்டாளர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். சான்றிதழில் அந்த வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்: 'அனுமானம்'. பார்க்க முடியாததை வீட்டின் வயதை வைத்து அனுமானித்துக்கொள்வார்கள், பழைய வீட்டில் அந்த அனுமானம் நமக்குச் சாதகமாக வராது. ரசீது இருந்திருந்தால் மதிப்பெண் கூடியிருக்கும். சான்று கொடுக்க வந்தவர் சான்று கேட்டார், என்னிடம் இல்லை.

அந்தக் கம்பளி விரிப்பின் வேலைக்கு ஆங்கிலத்தில் இன்சுலேஷன். லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. தீவாக்குதல் என்பது நேர்ப்பொருள். தமிழில் காப்பு. மின்கம்பிக்கு மின்காப்பு, வீட்டுக்கு வெப்பக் காப்பு. இந்த ஒரு சொல்லில் மாற்றுக் கருத்தே இருக்க முடியாது என்பேன். கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்நாள் கூரை இறவாணத்தில் பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ சேர்த்துச் செருகுவோம், அதற்குப் பெயரே காப்புக் கட்டுதல். வீட்டுக்குக் காப்புக் கட்டிய ஊரிலிருந்து வந்தவனுக்கு 270 மில்லிமீட்டர் காப்பு அந்நியமாகத் தோன்றவில்லை.

சிக்கலான சொல் எஃபிஷன்சி. பழைய இபிசி தாள்களில் பெரிய எழுத்து இருக்கும் படத்தின் தலைப்பு இதுதான். பலரும் 'ஆற்றல் திறன்' என்று மொழிபெயர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் இயற்பியல் படித்த பையனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், ஆற்றலும் ஜூலும் ஒரு பக்கம், திறனும் வாட்டும் இன்னொரு பக்கம் என்று குழம்புவான். அங்கே எஃபிஷன்சிக்குப் 'பயனுறுதிறன்' என்று தனிச்சொல் இருக்கிறது: போட்டதில் எவ்வளவு பயனாக வந்தது என்ற கணக்கு. இலங்கையில் 'வினைத்திறன்'. இரண்டும் நல்ல சொற்கள்தான், ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் சிரிப்பு மூட்டாமல் வாயில் நுழைகிற வினைத்திறனையே எடுப்பேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது வெற்றிச் சிரிப்பு சிரித்தார்.

ஆனால் பெரிய எழுத்து உண்மையில் அளப்பது வினைத்திறனும் இல்லை, அதுதான் வேடிக்கை. சதுர மீட்டருக்கு ஆகும் எரிபொருள் செலவை வைத்தே அந்த மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. சாதாரண மின் ஹீட்டர் வாங்கும் மின்சாரத்தை ஏறத்தாழ முழுவதும் சூடாக்கிவிடும். வினைத்திறனில் அதை மிஞ்சச் சாதாரண பாய்லரால் முடியாது. என்றாலும் மின் ஹீட்டர் வைத்த வீட்டுக்குத்தான் மதிப்பெண் குறையும், ஏனென்றால் இங்கே மின்சாரத்தின் விலை எரிவாயுவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பெயரில் ஆற்றல், உள்ளே பவுண்டு. இந்த ஒற்றை எழுத்தை உடைத்துப் பல அளவுகோல்களாகப் பிரிக்கும் வேலையை அரசு தொடங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்டிஃபிகேட் நமக்குச் சான்றிதழ், அக்காவுக்கு அத்தாட்சிப் பத்திரம். சான்று என்பது 'சால்' என்ற வேரிலிருந்து வந்தது. நிறைதல், தகுதி பெறுதல் என்று பொருள். சான்றோர், சால்பு எல்லாம் அந்தக் குடும்பம். அதனாலேயே தமிழ்க் காதுக்குச் சான்றிதழ் என்றால் தேறிவிட்டது என்று கேட்கும். 'தரச்சான்று' என்று வைத்தால் இன்னும் மோசம், ஐஎஸ்ஐ முத்திரை போல ஆகிவிடும். ஜி வாங்கிய வீட்டுக்கும் இதே தாள்தான் தருகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மற்ற நாட்டுக்காரர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்த்தேன். பிரான்சில் இதற்கு டிபிஇ என்று பெயர், முதல் எழுத்து 'டியாக்னோஸ்டிக்', அதாவது நோயறிதல். பாரிஸ் லா ஷப்பல் பக்கம் வாடகைக்கு வீடு தேடிய தமிழர்களுக்கு அந்த மூன்றெழுத்து நன்றாகத் தெரியும். ஜி வாங்கிய வீட்டை 2025 ஜனவரியிலிருந்து அங்கே புதிதாக வாடகைக்கு விட முடியாது. ஜெர்மனியில் 'எனர்கீஅவுஸ்வைஸ்', ஆற்றல் அடையாள அட்டை. நோயறிக்கை, அடையாள அட்டை இரண்டுமே பாராட்டுப் பத்திரத்தை நினைவூட்டாத பெயர்கள். இந்தியாவில் ஏசிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் ஐந்து நட்சத்திரம் ஒட்டிப் பழக்கியவர்கள், 2018-இல் குடியிருப்புகளுக்கு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று ஒரு விதித்தொகுப்பும் வெளியிட்டார்கள். அங்கே கவலை தலைகீழ், வெளிச் சூடு உள்ளே வராமல் இருக்க வேண்டும். ஆனால் கோபியில் வீடு விற்கும்போது யாரும் இந்தத் தாளைக் கேட்பதில்லை, வில்லங்கச் சான்றிதழ்தான் கேட்பார்கள்.

கடைசியில் நான் தேர்ந்தது 'வீட்டு ஆற்றல் மதிப்பீட்டுச் சான்று'. வீடு என்று இருப்பதால் ஆட்களின் சிக்கனத்தை அளக்கவில்லை என்பது விளங்கும். மதிப்பீடு என்று இருப்பதால் தேறியதா தேறவில்லையா என்ற குழப்பம் வராது, மதிப்பிட்டார்கள் என்பதற்கு மட்டுமே இது சான்று. பெர்ஃபாமன்ஸுக்கு நேராகச் 'செயல்திறன்' போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வீடு எந்தச் செயலும் செய்யவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிடலாம். எழுத்தில் இது, பேச்சில் இபிசி.

சனிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவிடம் வேலி ஓரமாக நின்று இவ்வளவையும் சொன்னேன். சால் வரை பொறுமையாகக் கேட்டார். "நல்ல பேர் தம்பி, பிள்ளைகளுக்குச் சொல்லுறன்" என்று கார்க் கதவைத் திறந்தவர், "அதிருக்கட்டும், டி-யோ ஈ-யோ?" என்றார்.

ஈ.