ஏரிக்கு வரும் காசு எந்த மடை வழியாக வருகிறது?

ஊசுட்டேரியில் தண்ணீர் ஒன்று, கணக்கு இரண்டு. ஏரியின் ஒரு பங்கு புதுச்சேரியிலும் மறு பங்கு விழுப்புரம் மாவட்டத்திலும் கிடக்கிறது. ஒன்றிய அரசின் நீர்ச்சூழல் பாதுகாப்புத் திட்டத்தில் யூனியன் பிரதேசங்களுக்கு முழுத் தொகையையும் டெல்லி தருகிறது. தமிழ்நாடு கேட்டால் நூற்றுக்கு அறுபதுதான் வரும், மீதி நாற்பதை மாநிலம் போட வேண்டும். அதனால்தான் "ஏரிக்கு நிதி ஒதுக்கீடு" என்று செய்தி வந்தால் எந்தத் திட்டத்தில் என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

2001-ல் தொடங்கிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தையும் ஈரநிலத் திட்டத்தையும் 2013-ல் ஒன்றாக்கியதுதான் இது. ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளுக்குப் பழைய திட்டத்தில் பணம் வந்தது. இந்தத் திட்டப் பணத்தில் சாக்கடையை மறித்துத் திருப்பலாம், தூர்வாரலாம், ஆகாயத்தாமரையை அகற்றலாம், எல்லை அளக்கலாம். மாநில அரசு திட்ட அறிக்கை தயாரித்து அனுப்பினால்தான் டெல்லி பரிசீலிக்கும். கரையில் நடைபாதை போடவும் இதில் இடமுண்டு. சாக்கடையை விட்டுவிட்டு அதை முதலில் போட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும்!

வீராணம் கதை வேறு. கடலூர் மாவட்டத்தில் உள்ள சோழர் காலத்துப் பாசன ஏரி, கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது, 2004 முதல் சென்னைக்கும் போகிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுதல், சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் எல்லாவற்றையும் தடுக்கின்றன. ஆனால் பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளுக்கு அவை பொருந்தாது. ஆகவே வீராணம், பெருமாள் ஏரி, வெலிங்டன் ஏரி பக்கம் ஆக்கிரமிப்பு பற்றி மனு எழுதுகிறவர்கள் 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிட்டு நீர்வளத் துறைக்கு எழுதுங்கள். எல்லை அளந்து, நோட்டீஸ் கொடுத்து, அகற்றுவது அவர்கள் வேலை.

மதகு, கலங்கு (உபரி நீர் வெளியேறும் வழி), கரை பழுதுக்கு மாநில நிதியோடு, ஒன்றிய அரசின் நீர்நிலை சீரமைப்புத் திட்டமும் உண்டு. ஊரார் சேர்ந்து ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து 2017-ல் மறுபடி தொடங்கியபோது பத்து சதவீதம் விவசாயிகள் பங்காக இருந்தது. அதை உழைப்பாகவும் கொடுக்க முடிந்தது.

இதில் விவசாயி கைக்கு நேராக வருவது வண்டல்தான். கோடையில் ஏரி வற்றியதும் விண்ணப்பித்து இலவசமாக அள்ளலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது சுமார் 25 டிராக்டர் லோடு. புன்செய்க்கு 90 கன மீட்டர், 30 லோடு. மண்பாண்டத் தொழிலாளருக்கு 60 கன மீட்டர். முன்பு கலெக்டர் ஆபீஸ் வரை போன கோப்பு இது. 2024-லிருந்து தாசில்தாரே அனுமதி தருகிறார், இ-சேவை வழியாகவே விண்ணப்பிக்கலாம். சிட்டா, அடங்கல் கையில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும்: வண்டல் அள்ள அனுமதித்த ஏரிகளின் மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் உங்கள் ஏரியின் பெயர் இருக்க வேண்டும். எங்கள் சித்தப்பா அதைப் பார்க்காமலே டிராக்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். பட்டியலில் ஊர் ஏரி இல்லை. முன்பணம் திரும்பவில்லை, அந்த வருஷம் வயலுக்கு ஒரு கூடை வண்டல்கூட வரவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு டிராக்டர் பேசுங்கள்.