டிராக்டருக்கும் அதே ரசீது

பொறியியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தாய் கிளாஸின் மெத்தட் ஓடும்போது நடுவில் சேய் கிளாஸின் மெத்தட் எப்படி நுழைகிறது? தாயை எழுதியபோது சேய் பிறக்கவே இல்லையே!" நிரலில் கிளாஸ் என்பது ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பு; மெத்தட் அது செய்யும் வேலை; தாயின் மெத்தட்களைப் பெற்றுக்கொண்டு பிறப்பது சேய் கிளாஸ். நாய் குரைக்கும், பூனை கத்தும் என்று சொல்லிப் பக்கத்தை நிரப்பும் பாடநூல்கள் இந்தக் கேள்வியின் பக்கமே போவதில்லை.

சுங்கச்சாவடிக்கு ஒரு நிரல் எழுதுகிறோம். 'வாகனம்' என்ற கிளாஸில் இரண்டு மெத்தட்கள்: கட்டணம், ரசீது. தொகைக்காகக் கட்டணத்தை அழைப்பது ரசீதின் வேலை. சேயான 'பேருந்து' மரபுரிமமாக இரண்டையும் பெற்று, கட்டணத்தை மட்டும் மாற்றி எழுதிக்கொள்கிறது. அதுதான் ஓவர்ரைடிங். இனி பேருந்துக்கு ரசீது போட்டால் ஓடுவது வாகனத்தின் ரசீது. அதில் விழும் தொகை பேருந்துடையது.

சி++ மொழியின் கம்பைலர்கள் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுபவை) இதற்குச் செய்யும் தந்திரம் எனக்குச் சலிப்பதே இல்லை. வர்ச்சுவல், அதாவது சேய் மாற்றி எழுதலாம், என்று குறித்த மெத்தட்கள் உள்ள ஒவ்வொரு கிளாஸுக்கும் ஓர் அட்டவணை உண்டு. முதல் வரியில் கட்டணத்தின் நினைவக முகவரி, இரண்டாவதில் ரசீதின் முகவரி. பேருந்தின் அட்டவணை வாகனத்தினுடையதன் நகல்தான். முதல் வரியில் மட்டும் வேறு முகவரி. ஒவ்வொரு ஆப்ஜெக்டும், அதாவது கிளாஸிலிருந்து உருவான ஒவ்வொரு தனி வாகனமும், தன் அட்டவணை இருக்குமிடத்தை மடியில் முடிந்து வைத்திருக்கிறது. 64 பிட் கணினியில் அதற்கு 8 பைட் செலவு. ரசீதுக்குத் தரப்பட்ட கட்டளை இவ்வளவுதான்: கையிலுள்ள ஆப்ஜெக்டின் அட்டவணையைப் பார், முதல் வரியில் சொன்ன முகவரிக்குப் போ. வந்திருப்பது காரா, பேருந்தா என்று அது விசாரிப்பதே இல்லை. பத்து ஆண்டு கழித்து யாரோ 'டிராக்டர்' எழுதிச் சேர்த்தாலும் பழைய ரசீதில் ஓர் எழுத்தைத் தொட வேண்டாம்.

'வர்ச்சுவல்' என்ற சொல்லும் சேய் கிளாஸ் என்ற எண்ணமும் 1967இன் சிமுலா மொழியிலேயே உண்டு. ஆஸ்லோவில் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் நிஜ உலக நிகழ்வுகளைக் கணினியில் நடத்திப் பார்க்க உருவாக்கிய மொழி அது. கணினித் துறையின் உயரிய டூரிங் விருது அவர்களுக்கு 2001க்கு உரியதாக வந்தது, 34 ஆண்டு கழித்து. மூன்றே ஆண்டில் பயனைக் காட்டு என்று கேட்கும் நிதிக்குழுக்களை நினைத்துக்கொள்கிறேன்.

நானும் ஒருமுறை சேயில் வர்ச்சுவல் என்று குறித்த 'கட்டணம்' என்பதை 'கட்டனம்' என்று அடித்துவிட்டேன். கம்பைலர் அதைப் புது மெத்தடாக எடுத்துக்கொண்டு அட்டவணையின் மூன்றாவது வரியில் சேர்த்தது. முதல் வரி வாகனத்துடையதாகவே நின்றது. பிழைச் செய்தி ஏதும் இல்லை; பேருந்துகள் கார் கட்டணத்தில் போய்க்கொண்டிருந்தன. ஜாவாவில் 2004இலும் சி++இல் 2011இலும் வந்த 'ஓவர்ரைடு' குறிப்பைச் சேர்த்திருந்தால், தாயிடம் அப்படியொரு மெத்தட் இல்லை என்று கம்பைலர் அங்கேயே நிறுத்தியிருக்கும்.