நான்கு விளக்கும் எரிகிறது, பேட்டரி காலி

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர் அவருடையது. பழைய ஈய-அமில பேட்டரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியைப் பொருத்தினாராம். சுவரில் இருக்கும் பலகையில் நான்கு விளக்குகளும் எரிந்தபடி 'முழு சார்ஜ்' என்றே காட்டிக்கொண்டிருக்க, இரண்டாம் நாள் இரவு எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிட்டது. பேட்டரி பழுதா என்று கேட்கிறார்.

பழுதில்லை. அந்தப் பலகைக்கு வோல்ட்டை மட்டும்தான் பார்க்கத் தெரியும். இந்த பேட்டரியோ வோல்ட்டில் எதையும் வெளிக்காட்டாது.

லித்தியத்துக்கு ஏன் மாறுகிறார்கள் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். 30 கிலோவுக்குப் பக்கமாக இருந்த எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். ஈய-அமில பேட்டரியின் ஆயுளைக் காக்க பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது என்பார்கள். இதில் பெரும்பகுதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். சார்ஜ் சுழற்சிகளும் பல மடங்கு. டிரெய்லர்களில் போடுவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. செல்போனில் இருக்கும் கோபால்ட் வகை வேறு.

சரி, வோல்ட்டுக்கு வருவோம். ஈய-அமில பேட்டரியில் கந்தக அமிலமும் வேதிவினையில் பங்கெடுக்கிறது. மின்சாரம் எடுக்க எடுக்க அமிலம் நீர்த்துப்போகும், வோல்ட்டும் கூடவே இறங்கும். முழு சார்ஜில் ஏறக்குறைய 12.7, பாதியில் 12.1. அதனால் நான்கு விளக்குப் பலகை அதற்குப் போதுமானது.

இரும்பு பாஸ்பேட்டில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். சார்ஜ் ஏறும்போது படிகத்துக்குள் இருக்கும் இரும்பு ஒரு எலக்ட்ரானை இழக்கிறது. அதற்கு ஈடாக ஒரு லித்தியம் அயனி வெளியேறுகிறது. கோபால்ட் ஆக்சைடில் இப்படி லித்தியம் வெளியேறும்போது பொருளின் கலவை படிப்படியாக மாறும், வோல்ட்டும் சேர்ந்து நகரும். ஆனால் இரும்பு பாஸ்பேட்டில், அறை வெப்பநிலையில், 'பாதி லித்தியம் உள்ள படிகம்' என்ற இடைநிலை நிலைத்து நிற்காது. பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரியைத் திறந்து பார்த்தால், லித்தியம் நிறைந்த பொருள் ஒரு பங்கு, அநேகமாக லித்தியமே இல்லாத பொருள் ஒரு பங்கு என இரண்டும் தனித்தனியாக இருக்கும். சார்ஜ் மாறும்போது மாறுவது இந்த இரண்டின் அளவு மட்டுமே. ஒவ்வொன்றின் தன்மையும் அப்படியே இருக்கிறது.

பாத்திரத்தில் பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும்வரை வெப்பமானி 0 டிகிரியைத்தான் காட்டும். பனிக்கட்டி எவ்வளவு மிச்சம் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கேயும் அதே வெப்ப இயக்கவியல் விதிதான்: இரண்டு நிலைகளும் உடனிருக்கும்வரை லித்தியத்தின் வேதி அழுத்தம், அதாவது இடம்விட்டு நகர அதற்கு இருக்கும் உந்துதல், மாறாது, வோல்ட்டும் மாறாது. ஒரு செல்லுக்கு சுமார் 3.3 வோல்ட், நான்கு செல்களைத் தொடராக இணைத்தால் 13 வோல்ட்டுக்குச் சற்று மேல். 70 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்கும்போது மாறுவது சுமார் 0.1 வோல்ட். தண்ணீர் பம்ப் ஓடினாலே அதைவிட அதிகம் ஆடிவிடும். கடைசியில் ஒரு நிலை தீர்ந்துபோகும்போது வோல்ட் சட்டென்று சரியும். உடனே உள்ளே இருக்கும் காவல் சுற்று, அதாவது பிஎம்எஸ், இணைப்பைத் துண்டித்துவிடும். வாசகரின் டிரெய்லரில் எல்லாம் அணைந்த கதை இதுதான்.

ஆகவே வோல்ட்டைப் பார்க்காமல் எலக்ட்ரான்களை எண்ண வேண்டும். நெகட்டிவ் கம்பியில் ஷண்ட் என்ற மிகக் குறைந்த மின்தடையைப் பொருத்தி, போன ஆம்பியர், வந்த ஆம்பியர் இரண்டையும் கணக்கு வைக்கும் மீட்டர் கிடைக்கிறது. கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் அவ்வப்போது முழுதாக சார்ஜ் ஏற்றி 100க்குத் திருப்ப வேண்டும்.

இந்தப் பொருள் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மதுரையில் படித்து, ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்எனஃபுடன் சேர்ந்து ஒரு அடிப்படைக் கேள்வியைத் துரத்தினார். இரும்பு ஆக்சைடில் 2.5 வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கிறது. ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட் போன்ற தொகுதியை வைத்தால் என்ன ஆகும்? 3.6 வோல்ட் கிடைத்தது. சல்பேட்டுக்குள் இருக்கும் வலுவான பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதே காரணம். அதே வழியில் குட்எனஃபின் டெக்சாஸ் குழு 1997இல் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. டிரெய்லரையோ மின்காரையோ மனதில் வைத்து யாரும் சல்பேட்டைத் தொடவில்லை. 2020-21இல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். 'உடனே என்ன பயன்?' என்று கேட்டுக்கேட்டே நிதி தருகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வோல்ட் மாறாத இந்தக் குணத்தால் டிரெய்லரில் மற்றவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளி மின்இணைப்பிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவிதான் கன்வெர்ட்டர். பழைய கன்வெர்ட்டர்கள் பல 13.6 வோல்ட்டில் நின்றுவிடும், 13.3இல் இருக்கும் பேட்டரிக்குள் அது மெதுவாகத்தான் மின்சாரத்தைத் தள்ளும். 14.4 வரை போகும் லித்தியம் கன்வெர்ட்டர் வேண்டும். இழுக்கும் வண்டியிலிருந்து நீண்ட மெல்லிய கம்பி வழியாக வருவதும் போதாது. நடுவில் வோல்ட்டை உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் வைப்பார்கள். அப்புறம் குளிர். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் மறுமுனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேல் உலோகமாகப் படியும், பேட்டரி நிரந்தரமாகக் கெடும். குளிர்காலத்தில் கொலராடோ பக்கம் போகிறவர்கள் சூடேற்றி உள்ள பேட்டரியை வாங்கட்டும், அல்லது பேட்டரியை டிரெய்லருக்குள்ளேயே வைக்கட்டும்.

கடைசியாக, வாசகர் கேட்காத ஒன்று. ஓடும்போது டிரெய்லர் கழன்றுகொண்டால் பிரேக்கவே என்ற அவசர ஸ்விட்சில் செருகியிருக்கும் ஊசி (பின்) பிடுங்கப்பட்டு, டிரெய்லரின் சொந்த பேட்டரிதான் மின்பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. ஈய-அமில பேட்டரி தளர்ந்திருந்தாலும் கொஞ்சமாவது கொடுக்கும். பிஎம்எஸ் துண்டித்துவிட்ட லித்தியம் பேட்டரியிடமிருந்து எதுவும் வராது, பிரேக்கும் பிடிக்காது. எனவே பிரேக்குக்கென்று ஒரு சிறிய தனி பேட்டரியை வைத்துவிடுங்கள். கிளம்பும் முன் அந்தப் பின்னை ஒருமுறை இழுத்து, வண்டியை மெல்ல நகர்த்தி, டிரெய்லர் சக்கரங்கள் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். பார்த்ததும் பின்னை மறக்காமல் திரும்பச் செருகிவிடுங்கள்.